நம் ஊர் பெயரில் ஒரு பாஸ்

அக்கா,

இன்று காலை நம் ரயில் நிறுத்தத்துச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மைதாப் பசை இன்னும் காயவில்லை. காலைப் பாசஞ்சர் இனி இங்கே நிற்காதாம். அந்தப் பசை வாடையில் நீங்கள்தான் நினைவுக்கு வந்தீர்கள். உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவந்து மூன்று வருடமாகிறது.

அகல ரயில் பாதை போட்ட புதிதிலும் இப்படித்தான் ஒட்டினார்கள். நீங்கள் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா. நான் அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை. அந்நேரத்துக்கு நம் ஊரில் பஸ் கிடையாது. வண்டி நிற்காவிட்டால் உங்கள் வேலை போய்விடும்.

விசாரிக்க வந்த அதிகாரி, "இங்க யாரும் ஏறுறதில்லையேம்மா" என்றார்.

"அப்ப இந்தா நிக்கிறமே, நாங்க என்ன சோளக்கொல்லைப் பொம்மையா சார்?" என்றீர்கள் நீங்கள்.

தப்பு நம்முடையதுதான். நம் நிறுத்தத்தில் சீசன் பாஸ் தரமாட்டார்கள். திண்டுக்கல் போய் வாங்குவோம். புறப்படும் ஊரையும் திண்டுக்கல் என்றே போட்டு வாங்குவோம். பதிவேட்டில் பெயர் சேர்க்காமல் தினமும் வகுப்புக்கு வரும் பிள்ளையைப்போல, எத்தனை வருடம் ஏறியும் காகிதத்தில் நாம் இல்லை.

நம் ஊர் கணக்கில் ஏற, பழைய பாஸ் முடியும்வரை தினமும் ஆளுக்கொரு டிக்கெட்டும் இங்கேயே வாங்கச் சொன்னீர்கள்.

"பாஸ் இருக்கையில டிக்கெட்டா? கிறுக்கா ஒனக்கு?" என்றார் நம்மோடு ஏறும் பூ மூட்டைக்காரர்.

"கிறுக்குத்தேன். நீரு ஓடுற வண்டியிலயா மூட்டைய ஏத்துவீரு?"

மறுநாள் வரிசையில் அவர்தான் முதல் ஆள்.

பாஸ் முடிந்ததும் எங்களைத் திண்டுக்கல் கவுன்டருக்கு அழைத்துப்போய், புறப்படும் ஊராக நம் ஊரைப் போடச் சொன்னீர்கள். "எல்லாம் ஒண்ணுதானம்மா" என்று சலித்துக்கொண்டார் குமாஸ்தா.

"ஒண்ணுதேன்னா எங்க ஊரையே எழுதுங்க."

எழுதினார். வண்டி நம் ஊரில் நின்றது. நீங்கள் ஓய்வுபெறும்வரை நின்றது.

இன்று அறிவிப்பின்முன் நின்ற மில் பெண்களிடம் பாஸைக் காட்டச் சொன்னேன். எல்லாவற்றிலும் மறுபடி திண்டுக்கல்.

"கொடைரோடு போயி ஏறிக்கிற வேண்டியதுதேன் டீச்சர்" என்றாள் ஒருத்தி.

"ஏன் போகணும்?" என்றேன். வகுப்பில்கூட நான் அப்படிச் சத்தம் போட்டதில்லை.

நாளை அவர்களோடு திண்டுக்கல் போகிறேன். எனக்கும் ஒரு பாஸ் எடுக்கப்போகிறேன். எனக்கு இப்போது மதுரையில் ஒரு வேலையும் இல்லை. எங்கே போகணும் என்று கவுன்டரில் கேட்பார்கள். எங்கிருந்து என்பதை முதலில் சொல்வேன். அதைக் குமாஸ்தா எழுதி முடிக்கும்வரை நகரமாட்டேன்.