தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துக் கோல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இது. இந்த முறை அந்த வரியை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன், காரணம் கீழே வரும். முதலில் ஒரு திருத்தம். உன் அண்ணி உனக்கு ஃபோன் செய்து, "பெத்த பிள்ளையையே நடுக்கூட்டத்துல நிக்க வெச்சு அத்தை மானத்தை வாங்கிட்டாங்க, கோச் வேலையிலேருந்து அவரைத் தூக்கச் சொல்ற மனுவில முதல் கையெழுத்தே அவங்களதுதான்" என்று அழுதாளாம். கடைத்தெருவிலும் அப்படித்தான் பேச்சு. இரண்டும் தவறு. அந்த மனுவை நான் கையால்கூடத் தொடவில்லை. கூட்டத்தில் குரலை உயர்த்தவும் இல்லை. என் நோட்டில் இருந்ததை வாசித்தேன், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் கால்பந்து அணி இந்த சீசனில் ஆடும் அழகு உனக்கும் எட்டியிருக்கும். சொந்த மைதானத்தில் பத்து ஆட்டம், நான்கே கோல், நான்கும் முதல் பாதியில். கடைசி ஐந்து ஆட்டத்தில் ஒன்றுகூட இல்லை. இடது ஓரத்தில் ஓடிவந்து பந்து கொடுத்துக்கொண்டிருந்த பையனை நிர்வாகம் சீசன் நடுவில் வேறு கிளப்புக்கு அனுப்பிவிட்டது, அவன் இடத்துக்கு இன்றுவரை ஆள் இல்லை. முன்னால் ஒற்றை ஆளாக நிற்கும் நெட்டையன் கோலைத் தவிர எல்லாத் திசையிலும் அடிக்கிறான். என் பின் வரிசையில் உட்காரும் பஸ் கண்டக்டர், "அவன் கோலுக்கு அடிக்கலம்மா, மேல காக்காவுக்குக் குறி வெக்கிறான்" என்கிறார். இப்படி இருக்கும்போது செயலாளர் மைக்கைப் பிடித்து, பொறுமை காக்கவும் என்று ரசிகர்களுக்கு உபதேசம் செய்தால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது. எல்லாக் கோபமும் சேர்ந்து விடிந்தது உன் அண்ணன் தலையில். ஆள் வாங்காதவர்கள் கண்ணாடி அறைக்குள் இருக்கிறார்கள், கோட்டோரம் நிற்பவன்தானே கைக்கு எட்டுகிறான்.

என் நோட்டு உனக்குத் தெரியும். அப்பா இருந்தவரை அவர் எழுதினார், பிறகு அதே நடுக்கோட்டு இருக்கையில், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து நான் எழுதுகிறேன். எந்த நிமிடம், யார் அடித்தது, எந்தப் பக்கம் போனது, எல்லாம் கோடு போட்ட பக்கத்தில் இருக்கும். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது என்று கான்வென்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த பழக்கம். காதால் கேட்டது என் நோட்டில் ஒரு வரி கிடையாது. நம் ஆட்கள் முதல் பாதியில் கேட் பக்கத்துக் கோலை நோக்கியும், இரண்டாம் பாதியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துக் கோலை நோக்கியும்தான் ஆடுவார்கள் என்பது உனக்கு நினைவிருக்கும். அப்பா காலத்திலிருந்தே இங்கே அது எழுதாத சட்டம், வருகிற அணியும் விட்டுக்கொடுத்துவிடும். நான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கேட் வலது கைப்பக்கம், தொட்டி இடது கைப்பக்கம். இதை மனதில் வைத்துக்கொள்.

மூன்று வாரத்துக்கு முன் ரசிகர் சங்கம் மைதானத்துப் பின்னால் ஷெட்டில் கூட்டம் போட்டது. தலைவர் அந்த டெய்லர்தான், வாயில் குண்டூசி இல்லாத நேரமெல்லாம் பேசுகிறவர். என்னைப் பார்த்து, "நோட்டு உங்ககிட்ட இருக்கு, பையனாச்சேன்னு மறைக்கிறீங்க" என்றார். என்னைப் பார்த்து மறைக்கிறேன் என்று இந்த வயதில் ஒருவர் சொல்லக் கேட்டேன். நேராக வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். பத்து ஆட்டத்தில் நம் ஆட்கள் கோலை நோக்கி அடித்தது முதல் பாதியில் நாற்பத்து மூன்று, இரண்டாம் பாதியில் ஏழு. பிறகு யாரோ, "ஆஃப் டைம்ல கோச் தாலாட்டு பாடித் தூங்க வெக்கிறாரா" என்றான், ஷெட்டே சிரித்தது. அவர்களும்தான் அந்த ஆட்டங்களைப் பார்த்தார்கள், ஆனால் உள்ளே போகாத பந்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். கோபத்தில் இருப்பவனுக்கு ஒரு எண் கிடைத்தால் போதும். உன் அண்ணன் கதவோரம் நின்றிருந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், என்னைப் பார்த்தான், மூடிக்கொண்டான். டெய்லர் விடவில்லை, "என்ன சார், தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க" என்றார். "அம்மா எழுதினா எழுதினதுதான்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். செயலாளர் அந்தப் பக்கங்களை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டார். மறுநாளே அவனுக்கு நோட்டீஸ்: இரண்டாம் பாதியில் தாக்குதல் அடியோடு படுத்துவிடுவதற்கு விளக்கம் தேவை. அதைக் கேட்டு முடிவெடுக்க நிர்வாகக் குழு கூடுவது அடுத்த வாரம் சனிக்கிழமை. ஆள் வாங்காத பாவத்தை இறக்கி வைக்க அவர்களுக்கு ஒரு தோள் வேண்டியிருந்தது, என் நோட்டு அதைக் காட்டிக்கொடுத்தது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுப் பக்கம் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு காலையில் வந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அவன் காபிகூடக் கேட்காமல், "அம்மா, எதிர்ச் சுவர்ல கடிகாரத்தையே பாருங்க, தலையைத் திருப்பாதீங்க, பேனா தெரிஞ்சதும் சொல்லுங்க" என்றான். என்ன விளையாட்டு இது என்று திட்டிக்கொண்டே பார்த்தேன். வலது பக்கமிருந்து பேனாவை நகர்த்தினான், உடனே சொன்னேன். இடது பக்கமிருந்து நகர்த்தினான். நான் காத்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்று கேட்டேன். பேனா என் மூக்கு நுனிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு தன் கணக்கைக் காட்டினான், இரண்டாம் பாதியில் நம் ஆட்கள் அடித்தது முப்பத்தொன்பது. தொட்டிப் பக்கத்துக் கோலில் நடந்த பாதி ஆட்டத்தை நான் பார்க்கவே இல்லை. அங்கே கலங்கலாகத் தெரிந்தபோதெல்லாம் மாலை வெயில் என்று நினைத்தேன். கூட்டம் கத்தியபோதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் கத்தல் என்று நினைத்தேன்.

மறுநாள் டாக்டரிடம் அழைத்துப் போனான். கண்ணில் அழுத்தமாம். இடது கண் பெரும்பாலும் போய்விட்டது, வலது கண்ணில் மூக்கை ஒட்டிய பக்கம் தேய்ந்திருக்கிறது, போனது திரும்பாது, மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார். காலையும் மாலையும் மணி பார்த்து விட்டுக்கொள்கிறேன், அதைப் பற்றி உபதேசம் வேண்டாம். உன் கண்ணையும் பரிசோதித்துக்கொள், இது குடும்பத்தில் வருவதாம்.

விஷயம் சனிக்கிழமைதான். கூட்டத்திலேயே உன் அண்ணன் தன் கணக்கைக் காட்டியிருக்கலாம். அம்மாவுடையது ஏன் தப்பு என்று அடுத்த கேள்வி வரும், ஷெட் முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும் என்றுதான் வாயை மூடினான். இப்போதும் அதையே சொல்கிறான், "வேலை போனா இன்னொரு கிளப் இருக்கும்மா, ஊர் வாய்ல உங்க கண்ணு விழ வேண்டாம்." நேற்று அவனோடு ஒரு மணி நேரம் வாக்குவாதம், இருவரும் சாப்பிடவில்லை. அவன் பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்குப் புரூஃப் அனுப்பும் அச்சகத்துக்காரரும் அந்த நிர்வாகக் குழுவில் இருக்கிறார். பாதிக் கண்ணோடு பிழை திருத்துகிறவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள். இந்தக் கடிதம் எழுதும் மேசையில் இன்னும் அறுபது பக்கம் காத்திருக்கிறது, அதில் இடது ஓரத்தில் எதை விட்டிருக்கிறேனோ என்று ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாவது தடவை பார்க்கிறேன், முன்பு அந்த வழக்கமே எனக்குக் கிடையாது. இருந்தாலும் தப்பான எண்ணை ஊர் முன்னால் வாசித்தது நான். சரியானதையும் நான்தான் வாசிக்க வேண்டும். செயலாளருக்கு எழுதி ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறேன். கொடுக்காவிட்டால் வாசலில் நின்று வாசிப்பேன். அதற்காக உன் அண்ணன் அணி நன்றாக ஆடுகிறது என்று சொல்ல மாட்டேன். முப்பத்தொன்பது அடித்து ஒன்றுகூட உள்ளே போகவில்லை என்றால் அதுவும் ஒரு லட்சணம்தான், அதையும் சேர்த்தே வாசிப்பேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து இருக்க வேண்டும், அதுவே என் ஆசி. குளிருக்குக் குழந்தையின் காதை மூடு. உன் அண்ணன் உன் பேச்சைத்தான் கேட்பான், சனிக்கிழமை என்னைத் தடுக்க வேண்டாம் என்று அவனுக்கு நீ ஃபோனில் சொல். எனக்கு மட்டும் ஃபோன் செய்யாதே, குரலைக் கேட்டால் இருவரும் அழுவோம், விஷயம் நடக்காது. நான் செய்வது சரியா தவறா என்று உன் கையால் எழுதி அனுப்பு. தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. கறுப்பு மையில், பெரிய எழுத்தில், தாளின் இடது பக்கம் நான்கு விரல் இடம் விட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா