காதைத் தொட்ட கை

அக்கா,

இன்று காலை, இப்போது நான் வேலை செய்யும் ஒரகடம் கம்பெனி ஆபீஸில் என் கையில் ஒரு படிவத்தைத் திணித்தார்கள். நாற்பத்தைந்து தாண்டியவர்கள் செக்கிங் மேஜையை விட்டுப் பேக்கிங்குக்குப் போகச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். 'வயது' என்ற கட்டத்தைப் பார்த்ததும் நீதான் வந்து நின்றாய்.

பதினாறு வருஷம் முன்பு, தொண்ணூற்றொன்றில், ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் அந்த ரப்பர் வாஷர் கம்பெனியில் நம் இருவருக்கும் ஒரே செக்கிங் மேஜை. எனக்கு முப்பது வயது. வாஷரை விரலால் ஒரு சுற்று தடவினாலே கீறல் உனக்குத் தெரிந்துவிடும். அச்சில் கோளாறு என்று மெஷின்காரரிடம் நீயே ஓடிப்போய்ச் சொல்லுவாய். புதிதாக வந்த மேனேஜரோ நாற்பது தாண்டினால் கண் போய்விடும் என்று முடிவு கட்டினார். ரெஜிஸ்டரில் உனக்கு நாற்பத்தொன்று. கண்ணைச் சோதிக்கக்கூட இல்லை, பெருக்கப் போ என்றுவிட்டார்.

உன் நிஜ வயது முப்பத்தொன்பது. தலைக்கு மேல் கைபோட்டு மறுபக்கக் காதைத் தொட்டால்தான் அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்ப்பார்கள். நீளக் கைக்காரி நீ மூன்று வயதிலேயே தொட்டுவிட்டாய். மண்ணூர் வாத்தியார் ஐந்து என்று எழுதிவிட்டார். "அத்த மேனேஜராண்ட சொல்லித் தொலையேன்க்கா" என்று கெஞ்சினேன்.

"போடி! முப்பத்தொம்போதுன்னு சொன்னா, நாப்பத்தொண்ணுக்காரி லாயக்கில்லன்னு நானே ஒத்துக்கின மாதிரி ஆவாதா? நாளைக்கு உனக்கும் நாப்பத்தொண்ணு வரும்டி."

நேரே மேனேஜர் முன்னால் போய்த் தலைக்கு மேல் கைபோட்டுக் காதைத் தொட்டாய். "கை எட்டுது, கண்ணு தெரியுது. இன்னும் இன்னா சார் வேணும்?" அவர் மூலையில் இருந்த துடைப்பத்தைக் காட்டினார். நீ அதைத் தொடவே இல்லை. வேலையை விட்டுப் போய்விட்டாய்.

அதன்பிறகு அந்தச் செக்கிங்கில் யாரும் வாய் திறக்கவில்லை. கீறல் வாஷரைப் பார்த்தாலும், "எனக்கு இன்னா வந்துச்சி" என்று நல்ல வாஷர் பெட்டியிலேயே போட்டோம். நானும்தான் போட்டேன், அக்கா. நமக்கும் ஒருநாள் துடைப்பம்தானே என்ற ஆத்திரம். மூன்று வருஷம் முன்பு உன்னைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனபோதுகூட இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கம்.

இன்று படிவத்தில் என் வயதை, நாற்பத்தாறு என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கையெழுத்துப் போடவில்லை.

"சைன் எங்க, ஆயா?" என்றான் ஆபீஸ் பையன்.

தலைக்கு மேல் கைபோட்டுக் காதைத் தொட்டேன். "எட்டுது சார்" என்றேன்.

படிவத்தை அவன் முன்னால் வைத்தேன். நான் போய் என் மேஜையில் உட்கார்ந்தேன். முதல் கீறல் விரலில் பட்டதும் எழுந்து மெஷின்காரரிடம் ஓடினேன்.