மெத்துப் பாயா, கெட்டிப் பாயா

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். துணி ஒன்றும் காயவில்லை. யோகா வகுப்பில் என் பழைய ஜமுக்காளம் டைல்ஸில் வழுக்கி, நான் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். இனி சொந்தமாக நல்ல பாய் இல்லாமல் வரக்கூடாது, சுஜா டீச்சர் உத்தரவு. முட்டுவலிக்குத் தடித்த பாய்தான் நல்லதாம். பக்கத்தில் நின்ற ஜெசிந்தா, "சும்மா கெட. தடிச்ச பாயில ஒத்தக் கால்ல நின்னா ஆடும். மெலிசுதான் வேணும்" என்கிறாள். யாரை நம்ப?

வீட்டில் இவர்: "பாய நான் பாத்து எடுக்கேன். நானும் வாறேன் யோகாவுக்கு."

சவூதி வேலையை முடித்துக்கொண்டு வந்து மூன்று மாதம். அடுக்களை டப்பாவெல்லாம் இடம் மாறியாயிற்று. மோட்டார் போடும் நேரமும் மாறியாயிற்று. எனக்கென்று மிச்சம் அந்த வகுப்பு ஒன்றுதான், அதற்குள்ளும் வருகிறாரே என்று எரிச்சல். வரவேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இது என்ன மாதிரி மனசோ.

ஜூன் 10, செவ்வாய்

போனில் பாய் பார்த்துக் கண் வலி. நாலு மி.மீ., ஆறு, பத்து. ரப்பர், கார்க், இன்னும் என்னென்னவோ. வாங்கியவர்களில் ஒருத்தி மெத்தென்று இருக்கிறது என்கிறாள். அடுத்தவள் அதே பாய்க்கு, வழுக்குகிறது, வாங்காதே. சவம் பிடித்த போனை மூடி வைத்தேன்.

வாங்க: புட்டு மாவு, கொசுவர்த்தி, பாய் (எது?).

இவர் சரியாக உறங்குவதில்லை. விடியும்போது நாற்காலியில், கண் இரண்டும் சிவந்து. கேட்டால், "ஒண்ணுமில்ல, கொசு." ஏ.சி. அறையில் ஏது கொசு? என் பக்கத்தில் படுக்கப் பிடிக்கவில்லையோ. எழுதிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

இவரோடு நாகர்கோவில். விளையாட்டுச் சாமான் கடை. கடைக்காரர் பாய்களை விரித்துப் போட்டார். நான் விரலால் அமுக்கிப் பார்த்தேன்.

"அமுக்குனா என்ன தெரியும்? கெடந்து பாக்கணும்." செருப்பைக் கழற்றிவிட்டு, ஆள் நடக்கிற வழியில், மெலிந்த பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார் இவர். எனக்கு மானம் போயிற்று.

"எழும்புங்க, ஆளு பாக்குது."

குனிந்து பார்த்தால், குறட்டை!

கடையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். கடைக்காரர் இவர் தோளைத் தட்டக் கையை நீட்டினார். "வேண்டாம் அண்ணாச்சி, எழுப்பாண்டாம். கொஞ்சம் ஒறங்கட்டும்" என்று என் வாய் சொல்லிவிட்டது. யாரும் மிதித்துவிடாமல் பக்கத்திலேயே நின்றேன். வந்த நாளிலிருந்து அந்த முகத்தை இப்படிப் பார்க்கவில்லை. கடைசியில் அந்தப் பாயையே எடுத்தோம்.

வீட்டில் ஏன் உறக்கம் இல்லை என்று திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். முதலில் மழுப்பல். பிறகு, "அங்க ரூம்ல கட்டிலுக்குப் பலகைதான். மேல ஒரு விரிப்பு. அதுல கெடந்து பழகியாச்சு. நம்ம மெத்தையில கெடந்தா கெணத்துக்குள்ள போற மாதிரி இருக்கு பிள்ளே."

"போன்ல நல்ல மெத்தைன்னு சொன்னிய?"

"பின்ன, பலகைன்னு சொன்னா நீ ஒறங்குவியா?"

இவர் அனுப்பிய காசில்தான் அந்த மெத்தை வாங்கினேன். கடையிலேயே தடித்தது. வில்லுக்குறி ஸ்டாப் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். கோபமா அழுகையா, இப்போதும் தெரியவில்லை.

ஜூன் 13, வெள்ளி

கொஞ்சம் வெயில். வகுப்புக்குக் கிளம்பினால் புதுப் பாயைக் காணோம். ஹாலில் அதை விரித்து இவர், வாய் திறந்து, நல்ல உறக்கம். உருவ மனம் வரவில்லை. போகவில்லை.

ஜெசிந்தா போன். "ஏட்டி, பாய் வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு."

"பின்ன ஏன் வரல்ல?"

"பாய் எடுக்க முடியாது இப்போ."

ஒன்றும் மனசிலாகாமல் வைத்துவிட்டாள்.

ஜூன் 14, சனி

மறுபடி மழை. மெத்தையில் நான் மட்டும். இத்தனை வருஷமும் அப்படித்தானே கிடந்தேன், இப்போது என்ன கேடு? ஆள் ஹாலில் இருக்கும்போது தனியாகக் கிடக்கத்தான் தெரியவில்லை.

விடிந்ததும் ஹாலுக்குப் போய், அவர் பக்கத்தில் வெறும் தரையில் சாய்ந்தேன். ஐஸ் மாதிரி தரை. கண்ணைத் திறக்காமலே கொஞ்சம் தள்ளிப் படுத்தார். என் தோள் பாயில், மீதி நான் டைல்ஸில்.

கடைக்கு மறுபடி போகணும். இரண்டு ஆள் அகலத்தில் யோகா பாய் உண்டுமா? இவரை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது? தனியாகப் போய்க் கேட்டால் அந்த அண்ணாச்சி என்ன நினைப்பார்?