அமாவாசையில் மட்டும் பாடிய வால்வு செட்

என் பிரியமான மாப்பிள்ளை முனிரத்தினத்துக்கு,

அங்கே வோல்டேஜ் எப்படி என்று தெரியவில்லை. இங்கே நகரியில் பழையபடிதான். விசைத்தறிகள் ஓட ஆரம்பித்ததும் பல்பு மங்குகிறது, மனிதர்கள் கத்திப் பேசுகிறார்கள்.

உன் வீட்டைக் காலி செய்கிறோம். கஸ்தூரி இனித் திருப்பதியில் மகனோடு இருப்பாள். அலிபிரி பக்கம் ஃபிளாட். ஹாலில் ஒரு ஆம்ப்ளிஃபயருக்குத்தான் இடம். கண்ணாடிக் குழல்கள் எரியும் உன் பழைய வால்வு செட்டா, நான் வம்புக்கென்றே வாங்கிக் கொடுத்த டிரான்சிஸ்டர் செட்டா? "நீயே சொல்லு ண்ணா, அவரு ஞாபகமா ஒண்ணு இருக்கணும்" என்று என் தங்கை பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டாள். தப்பான செட்டை அனுப்பிவிட்டால் உனக்கு யார் பதில் சொல்வது?

வால்வில் பாடகி எதிரே உட்கார்ந்து பாடுகிறாள், டிரான்சிஸ்டரில் போனில் பாடுகிறாள் என்பாய். வால்வு தன் பங்குக்குப் பாட்டில் சேர்க்கும் ஒலித் திரிபுதான் காதுக்கு இதமாக இருக்கிறது, அது பொய் இனிமை என்று நான் படித்ததைச் சொல்வேன். "பொய்யா இருந்தா இன்னா மச்சான்? உன் தங்கச்சி கொழம்ப நல்லாகீதுன்னு நான் சொல்றதில்லையா?" என்பாய்.

போன சனிக்கிழமை இரண்டையும் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். அதே ஸ்பீக்கர், அதே பாட்டு. முதலில் டிரான்சிஸ்டர். மாப்பிள்ளை, பாடகி எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒயரை மாற்றிச் செருகிவிட்டேனோ என்று பின்னால் போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"இன்னாத்துக்கு முழிக்கிற? இங்க தறி ஓடலியே, அதான்" என்றாள் கஸ்தூரி.

அப்போதுதான் உறைத்தது. தறி ஓடினால் கரண்ட் ஏறி இறங்கும், வால்வு போய்விடும் என்று அதை அமாவாசைக்கு மட்டுமே போடுவாய். ஊரே தறியை நிறுத்தும் நாள். மற்ற நாளெல்லாம் அந்த இரைச்சலுக்கு நடுவே டிரான்சிஸ்டர். இந்த லட்சணத்தில்தான் ஒப்பிட்டோம், சண்டை போட்டோம், ஒரு தீபாவளிக்குப் பேசாமல்கூட இருந்தோம். நீ ரசித்தது வால்வையா, விடுமுறையையா? அப்படியானால் நான் எதை எதிர்த்தேன்?

பிறகு வால்வைப் போட்டோம். அதுவும் நன்றாகத்தான் இருந்தது, லேசாக உறுமியது. "ண்ணா, இது சூடாவுது. பாட்டு கேக்கறதுக்கா, தோசை ஊத்தறதுக்கா? நீ சொல்லிக்கினு இருந்த செட்டே இருக்கட்டும்" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்த கையோடு வால்வுக்காக வாதாட ஆரம்பித்தேன். இதம், நெருக்கம், எதிரே உட்கார்ந்த பாடகி, எல்லாம் உன் வசனம். எதற்காக என்று உனக்காவது தெரியுமா?

தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "இத அவரு உயிரோட இருக்க சொல்ல ஒரு வாட்டி சொல்லியிருக்கலாம் இல்ல?"

சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போதும் தோன்றுகிறதா என்பது நிச்சயமில்லை.

டிரான்சிஸ்டர் அவளிடம் இருக்கிறது. வால்வு என் வீட்டுக்கு வந்துவிட்டது. நல்ல ஸ்டெபிலைசர் வாங்கிவிட்டேன். நாளையிலிருந்து தறி ஓடும்போதே போடுவேன். அந்த இரைச்சலிலும் பாடகி எதிரே வந்து உட்கார்ந்தால், தெருவே கேட்க உன் பெயரைச் சொல்லித் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். வராவிட்டால், இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்துப் பார்க்கிறேன்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணனும்
உனக்கு இன்னும் தோற்காத மச்சானுமான
துரைசாமி