புலிமலையைக் குறைத்த பிறகு

அன்புள்ள வெய்சின்,

உடம்பு எப்படி இருக்கிறது? தொழிற்சாலைச் சோறு ஒத்துக்கொள்கிறதா? குழந்தை பிங் நன்றாக இருக்கிறாள். மிளகாய் நாற்று நட்டாகிவிட்டது. நான்தான் சரியாக இல்லை. இங்கே பதினோரு நாளாக மழை.

போன வருஷம் கல்குவாரி முதலாளி கூட்டிவந்த, மலையும் தண்ணீரும் பார்த்துப் பலன் சொல்லும் நிலக்குறிகாரர் லியாவ் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். ஊருக்குப் பின்னால் மலை, முன்னால் வளைந்தோடும் தண்ணீர், எல்லாம் லட்சணமாம். ஆனால் இடப்பக்க டிராகன் மலையைவிட வலப்பக்கப் புலிமலை உயரமாம். புலி தலைதூக்கினால் ஆண்களுக்கு ஆகாதாம். அந்த வருஷம் மூன்று ஆண்கள் செத்திருந்தார்கள். மூவரும் சுரங்கத்தில் தூசி தின்றவர்கள். அதை யாரும் பேசவில்லை. மலையைக் குறைக்கச் சொல்லி ஊரே முதலாளியிடம் கெஞ்சியது. அவரும் பெரியமனது பண்ணி ஒத்துக்கொண்டார். அந்த மனுவில் நீங்களும் கையெழுத்துப் போட்டீர்கள்.

புலி குட்டையாகிவிட்டது. மரம் ஒன்றுகூட மிச்சமில்லை, அடிவாரத்தையும் தோண்டிவிட்டார்கள். அதற்கு நேர் கீழே நம் வீடு. செவ்வாய்க்கிழமை பன்றிக் கொட்டிலின் பின்சுவர் வெடித்தது. நேற்று அந்த வெடிப்பில் என் கை நுழைந்தது. கிணற்றுத் தண்ணீர் சிவப்பாக வருகிறது. மேலே துணி கிழிவதுபோல ஒரு சத்தம், நிற்கிறது, மறுபடி கேட்கிறது.

கிராம அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். செயலாளர் சிரித்தார். "புலியே போயிடுச்சு, இன்னும் எதுக்கும்மா பயம்?" என்றார். அவர் வீடு டிராகன் பக்கம்.

மாமா நகர மாட்டேன் என்கிறார். மலை குறைந்த பிறகு வரும் முதல் மழைக்காலத்தில் அடுப்பு அணையக் கூடாதாம், அணைந்தால் பலன் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுமாம். அதுவும் லியாவ் சொன்னதுதான். பிங்கையாவது என் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று காலில் விழுந்தேன். "என் மகன் சொல்லட்டும், எல்லாரும் கெளம்புறோம். மருமக பேச்சக் கேட்டு நான் அடுப்ப அணைக்க மாட்டேன்" என்று பிங்கை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

இந்தக் கடிதம் வந்துசேர நாலு நாள் ஆகும். பதில் கடிதம் எழுத உட்காராதீர்கள். உடனே தந்தி அடியுங்கள். "அப்பா, வெளியேறுங்கள்" என்று மட்டும் இருந்தால் போதும்.

நான் பயந்தாங்கொள்ளி, குடும்பத்தின் அதிர்ஷ்டத்தைக் கெடுத்தவள் என்று பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். கேட்டுக்கொள்ள நான் இருக்கிறேன்.

உங்கள்
சியூமெய்