காளான் அறை

புரட்டாதி, வெள்ளி இரவு

கடைசிக் காளான் பையிலும் பச்சைப் பூஞ்சணம். விறகை மிச்சம் பிடிக்க, பைக்குள் அடைக்கும் வைக்கோலைக் கிருமி சாகுமட்டும் அவிக்காமல் அரைகுறையாய் அவித்தது நான்தான். வேறு காரணம் தேடிப் பயனில்லை.

மூதூரில் ஷெல்லடிக்குத் தப்பி, பிள்ளைகளோடு வந்த இவரின் தங்கை தங்குவதற்கு இந்தக் காளான் அறையைத்தான் கேட்டாள். "ஆக்கள் புழங்கினா காளானில கிருமி தொத்தும், மச்சாள்" என்று சொல்லிப் பள்ளிக்கூடத்து அகதி முகாமுக்கு அனுப்பினேன்.

இன்று பைகளையெல்லாம் கொட்டிவிட்டுத் திரும்புகிறேன், சந்தியில் நிற்கிறாள்.

"காளான் பூத்திட்டுதே, மச்சாள்?"

"ஓம்" என்றேன்.

"நல்ல காலம், நாங்கள் வந்து நிக்கேல்ல. என்ர பிள்ளையள் கை வைக்காம இருக்காதுகள்."

அவள் உண்மையாகவே சந்தோசப்பட்டாள். பைகள் பழுதானதை இவரிடம் இன்னும் சொல்லவில்லை. கழுவிவிட்ட அறை காய்ந்து, வெறுமையாகக் கிடக்கிறது.