ஆளை எறக்கணும்

ஜூலை 14, திங்கள்
காலையிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. துணி காயாது.

ஜீப்பு ஏஜெண்ட் என்ற ஏஐ மென்பொருளின் சோதனை ஆரம்பம். மலை மேல் ஏலக்காய் எஸ்டேட் ஆட்கள் ஜீப்பு கேட்டுப் போனில் பேசுவார்கள். ஏஜெண்ட் கேட்டுவிட்டுத் ஜீப்பு பதியத் தன்னிடம் உள்ள இரண்டு கருவிகளில் ஒன்றை அழைக்கும். ஒன்று லோடு ஜீப்பு, மறுநாள் காலை வரும். இன்னொன்று அவசர ஜீப்பு, உடனே கிளம்பும். எதை அழைப்பது என்று அதற்குச் சொல்வது, கருவிக்கு இரண்டு வரியாக நான் எழுதிய விளக்கம் மட்டும்தான். அது சரியாக வழிகாட்டுகிறதா என்று பார்ப்பதும் நானே.

ஆபீஸ் கொடுத்த நாற்பது வாக்கியமும் பாஸ். மதுரையிலிருந்து டீம் லீடர் அருண்: "சூப்பர்க்கா. வெள்ளிக்கிழமை விட்டுரலாம்."

எனக்குத்தான் உறுத்தல். நாற்பதில் ஒன்று: 'மருத்துவ உதவிக்கு வாகனம் அனுப்பவும்.' பதினாறு வயதுவரை எஸ்டேட் லயத்தில் இருந்தேன். அந்த வரிசை வீடுகளில் ஒருவர்கூட இப்படிப் பேசியதில்லை.

ஜூலை 15, செவ்வாய்
கொஞ்சம் வெயில். கேஸ் சிலிண்டர் வந்தது.

பொன்னிக்கு போன். எஸ்டேட் பள்ளியில் ஒரே பெஞ்சு. என் குடும்பம் போடிக்கு இறங்கி வந்த பிறகு விட்டுப்போனது. நம்பர் அவள் தம்பியிடம் வாங்கியது. மூன்று முறை எடுத்து, வைத்து, நாலாவது முறை அடித்தேன்.

"யாரு?"

"கலா. நாலாம் நம்பர் லயம்."

பின்னால் ஏலக்காய் எடுக்கும் பெண்களின் சிரிப்பு.

"ஏ கலா! எங்கடி போய்த் தொலைஞ்ச இத்தன வருசம்?"

அரை மணி நேரம். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சூடான சுவரில் முதுகை ஒட்டி, நனைந்த பாவாடையோடு நாங்கள் நின்றது அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த வாசனை எனக்குப் போனிலேயே வந்தது.

யாருக்காவது முடியாமல் போனால் ஜீப்புக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"ஆளை எறக்கணும், வெரசா ஜீப்பைக் கொண்டாங்கன்னு சொல்லுவோம். ஒன்னையக் கீழ ஆஸ்பத்திரிக்கு எறக்குனப்பவும் அப்படித்தான சொன்னோம். மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ஏழாம் வகுப்பு, வயிற்று வலி, மழை. அவள் மடியில் என் தலை. இன்னும் எத்தனை வளைவு என்று என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் ஏஜெண்டுக்கு அதே வாக்கியத்தைக் கொடுத்தேன். லோடு ஜீப்பு, நாளை காலை எட்டு மணி. பத்து முறை ஓட்டினேன். ஏழு முறை லோடு.

லோடு ஜீப்பின் விளக்கத்தைத் திறந்தேன். 'மலையிலிருந்து கீழே இறக்க ஜீப்பு பதிவு செய்யும்.' எதை இறக்க என்று இல்லை. எழுதியது நான். லயத்தில் வளர்ந்தவள்.

பொன்னிக்கு மறுபடி போன்: கூட வேலை செய்கிறவர்களையும் பேசவைத்து அனுப்பு.

ஜூலை 16, புதன்
அருணிடம் சொன்னேன்.

"ஒரே ஒரு வாக்கியம்தானேக்கா?"

"அங்க எல்லாரும் பேசுறதே அப்படித்தான் தம்பி. காலைல எட்டு மணிக்கு வண்டி வந்தா, அந்த ஆளு இருக்குமா?"

பிறகு, "எத்தனை நாள் வேணும்?"

"ரெண்டு."

"மேல கேட்டுப் பாக்குறேன்."

பொன்னி ஆறு பெண்களைப் பேசவைத்து, போனில் பதிந்து அனுப்பினாள். 'மயக்கம் போட்டுக் கெடக்கா.' 'சுகமில்லா, வண்டி வேணும்.' 'அவளை எறக்கணும், மூட்டையும் ரெண்டு கெடக்கு.' ஒன்றில் தகரக் கூரை மேல் மழை. அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். வேலைக்காக இல்லை.

ஜூலை 17, வியாழன்
காற்று. எண்ணெய் தேய்க்க நேரமில்லை.

லோடு ஜீப்பின் புதிய விளக்கம்: 'மூட்டை, சரக்குக்கு மட்டும். ஆளுக்கு அழைக்காதே. "எறக்கணும்" என்பது இரண்டுக்கும் வரும், எதை என்று பார். ஆளும் மூட்டையும் சேர்ந்து வந்தால் ஆள் முதலில், அவசர ஜீப்பு. தெரியாவிட்டால் கேள்: ஆளா, சரக்கா?'

பெண்கள் சொன்னது எல்லாம் சரி. ஆபீஸின் பழைய நாற்பதையும் ஓட்டினால், ஏலக்காய் மூட்டை பற்றிய இரண்டு வாக்கியத்துக்கு அவசர ஜீப்பு! அவசர ஜீப்பின் விளக்கத்தையும் திருத்தி, மறுபடி முதலிலிருந்து. ஐந்து மணிக்கு எல்லாம் சரி. பத்து முறையும்.

அருண்: "திங்கக்கிழமைக்குத் தள்ளிட்டாங்கக்கா. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு."

ஜூலை 19, சனி
காலை ஜீப்பில் மேலே. மலை உச்சி மெட்டுக்கு அப்புறம் ஒரே மூடுபனி.

பொன்னிக்கு முன்தலையில் நரை. கன்னத்தைக் கிள்ளினாள். நாலாம் நம்பர் லயத்தில், எங்கள் வீட்டில் வேறு யாரோ. வாசலில் சின்னச் செருப்புகள்.

ஏஜெண்டின் சோதனை எண்ணைப் போட்டு, போனை அவள் கையில் கொடுத்தேன். உன் இஷ்டத்துக்குப் பேசு என்றேன். தொண்டையைச் செருமினாள்.

"இங்க கலான்னு ஒருத்தி வந்திருக்கா. அவளை எறக்க வேணாம். ரெண்டு நாளு இங்கனயே கெடக்கட்டும்."

ஏஜெண்ட் எந்தக் கருவியையும் அழைக்கவில்லை. "சரி. ஜீப்பு அனுப்பவில்லை."

பொன்னி என்னைப் பார்த்தாள்.

மாற்றுத்துணி கொண்டுவரவில்லை. அவள் சேலை கொடுத்தாள்.